மாதவிடாய் நிற்கும் காலமும் ஹோமியோபதி உருண்டைகளும்

சென்ற ஆண்டு கார்த்திகை தீபத்துக்கு அடுத்த வாரம், புறநோயாளிகள் பிரிவில் கூட்டம் ஓய்ந்த பிற்பகல் வேளையில் ஓர் அம்மையார் என் அறைக்கு வந்தார். வயது 54. நம் ஊர்ப் பீங்கான் தொழிற்பேட்டையில் அகல்விளக்குகளுக்கும் பொம்மைகளுக்கும் வண்ணம் தீட்டும் வேலை செய்பவர். தீபத்துக்கான விளக்கு வேலை முடியட்டும் என்று காத்திருந்து வந்ததாகச் சொன்னார். 5 ஆண்டுகளுக்கு முன்பே நின்றுபோன மாதவிடாய், 10 மாதங்களாக மீண்டும் தலைகாட்டுகிறது; பெருக்கெடுத்து வருவதில்லை; மாதத்தில் 2 நாள், 3 நாள் கறைபடுகிறது. அவ்வளவுதான்.

“ஏம்மா, பத்து மாசமா யார்கிட்டயும் காட்டலையா?” என்று கேட்டேன்.

“மருந்து சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் டாக்டரம்மா” என்று மஞ்சள் பையிலிருந்து 4 சிறு குப்பிகளை எடுத்து மேசைமேல் வைத்தார். கடுகைவிடச் சற்றுப் பெரிய வெள்ளைச் சர்க்கரை உருண்டைகள். மாதவிடாய் நின்ற புதிதில் உடலெங்கும் அனல் பரவி, உறக்கம் கெட்டு, காரணமின்றி அழுகை வந்தபோது ஒரு ஹோமியோபதி மருத்துவரிடம் சென்றிருக்கிறார். அப்போது தொடங்கிய மருந்து. அனல் குறைந்தது, ஆகவே தொடர்ந்தார். பின்னர் மருத்துவரைப் பார்க்காமலே, பழைய சீட்டைக் காட்டி மகள் வாங்கி வந்து கொடுத்திருக்கிறாள். கறை படத் தொடங்கியதை அம்மையார் அந்த மருத்துவரிடம் சொல்லவில்லை. மகளிடமும் சொல்லவில்லை. நின்ற தீட்டு திரும்பி வருவது உடம்புக்கு நல்லது, மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம் என்று அண்டை வீட்டார் ஒருவர் சொன்னதை நம்பியிருந்தார்.

பரிசோதனையில் அவருக்குக் கருப்பையின் உட்சவ்வில் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. அவர் ஒப்புதலுடன்தான் இதனை எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

இதனைப் படிப்போர் இக்கட்டுரை ஹோமியோபதியைத் தூற்றுவதற்காக எழுதப்படுவது என்று எண்ணிவிடக்கூடாது. அந்த அம்மையாரின் பழைய சீட்டுகளைப் புரட்டியபோது வேறொன்றையும் கண்டேன். 5 ஆண்டுகளுக்கு முன்பு, ஹோமியோபதி மருத்துவரிடம் செல்வதற்கு முன்னதாக, அவர் என்னிடம்தான் வந்திருக்கிறார். சீட்டில் என் கையெழுத்து. ‘மாதவிடாய் நிற்கும் பருவம். கால்சியம் மாத்திரை 30’ என்று எழுதியிருந்தேன். அவ்வளவே. அன்று என்ன சொன்னேன் என்று அவரிடம் கேட்டேன். “இது எல்லாருக்கும் வர்றதுதாம்மா, போகப்போகச் சரியாயிடும்னு சொன்னீங்க” என்றார். சொல்லியிருப்பேன். அன்று வரிசையில் 70 பேர் இருந்திருப்பார்கள். அவருக்கு நான் ஒதுக்கியது 2 நிமிடம் இருக்கலாம். அந்த ஹோமியோபதி மருத்துவர் அவரிடம் முக்கால் மணி நேரம் பேசினாராம்.

முதலில், இந்தப் பருவத்தில் உடலில் நிகழ்வது என்ன என்பதைப் பார்ப்போம். சூலகங்கள் முட்டைகளை வெளியிடுவதும் ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீரைச் சுரப்பதும் படிப்படியாகக் குறைகின்றன. தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வரவில்லையாயின் அது நின்றுவிட்டது என்று கொள்கிறோம். இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதில் நிகழ்கிறது; மேலைநாட்டுப் பெண்களுக்கு 51 வயதளவில். கருப்பையோடு சூலகங்களையும் அறுவை செய்து நீக்கியவர்களுக்கு மறுநாளே இப்பருவம் வந்துவிடுகிறது. அவர்கள் படும் துன்பம் பெரும்பாலும் மற்றவர்களைவிடக் கடுமையானது.

அனல் பரவுதலை விளக்க நம் ஊரில் உவமை தேட வேண்டியதில்லை. மின்சூளையில் வெப்பநிலையை அளந்து, மிகுந்தால் மின்சாரத்தை நிறுத்தி, குறைந்தால் மீண்டும் செலுத்தும் கருவி ஒன்று இருப்பதைத் தொழிற்பேட்டையில் வேலை செய்வோர் அறிவர். நம் மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி உடலுக்கு அத்தகைய வேலையைச் செய்கிறது. வெப்பம் ஒரு பாகையில் சிறு பங்கு ஏறினாலும் இறங்கினாலும் அது வழக்கமாகப் பொருட்படுத்துவதில்லை. ஈஸ்ட்ரோஜன் குறைந்தவுடன் அங்குள்ள சில நரம்பணுக்கள் மிகையாகத் தூண்டப்பட்டு, அந்தப் பொறுமை போய்விடுகிறது. ஒரு குவளைச் சூடான காப்பி, ஒரு சிறு பதற்றம், மின்விசிறி நின்ற ஒரு நிமிடம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று போதும். உடல் கொதிப்பதாகக் கருதி, தோலின் இரத்தக்குழாய்களைத் திறந்துவிட்டு, வியர்வையைப் பெருக்கி, வெப்பத்தை வெளியே தள்ள முனைகிறது. நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் ஏறும் அந்த அனல் சில நிமிடங்களில் தணிந்து, பின் குளிர் தோன்றும். சித்திரை வெயிலில், சூளைக்கு அருகில் நிற்கும் பெண்ணுக்கு, எது வெளிச்சூடு எது உட்சூடு என்று பிரித்தறியவும் முடிவதில்லை. மயங்கி விழும்வரை பொறுத்துக்கொள்கிறார்கள்.

இது எத்தனை நாள் நீடிக்கும் என்ற கேள்விக்கு, “ஓர் ஆண்டு, இரண்டாண்டு” என்று நாங்கள் முன்பு சொல்லிவந்தோம். அது பிழை. அமெரிக்காவில் பல இனப் பெண்களை நீண்டகாலம் தொடர்ந்து கவனித்த ‘ஸ்வான்’ என்னும் ஆய்வு 2015 இல் வெளியிட்ட முடிவுப்படி, அடிக்கடி அனல் பரவும் பெண்களில் பாதிப்பேருக்கு அது 7.4 ஆண்டுகளுக்கும் மேலாக நீடிக்கிறது. ஆனால் ஒரே சீராக அன்று. சில மாதங்கள் உக்கிரமாகவும் சில மாதங்கள் அடங்கியும் வரும். இந்த ஏற்றஇறக்கத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

இனி ஹோமியோபதிக்கு வருவோம். இம்முறையைத் தோற்றுவித்த சாமுவேல் ஹானிமன் 1755 இல் ஜெர்மனியின் மைசன் நகரில் பிறந்தவர். மைசனும் பீங்கான் ஊர்தான். ஐரோப்பாவின் பெயர்பெற்ற பீங்கான் ஆலை அங்கே 1710 இல் தொடங்கப்பட்டது. ஹானிமனின் தந்தை அவ்வாலையில் பாத்திரங்களுக்கு ஓவியம் தீட்டியவர். நம் அம்மையார் செய்யும் அதே வேலை. இதைச் சொன்னபோது அவர் முதன்முறையாகச் சிரித்தார்.

ஹானிமன் முறையான மருத்துவப் பட்டம் பெற்றவர். அவர் காலத்து மருத்துவம் நோயாளியின் உடலைக் கீறி இரத்தம் வடிப்பதும், பாதரசம் ஊட்டுவதுமாக இருந்தது. அதை வெறுத்து வேறுவழி தேடினார். ஒரு பொருள் நலமுள்ளவரிடம் எந்தக் குறிகளை உண்டாக்குமோ, அதே குறிகளுடைய நோயை அப்பொருளின் நுண்ணிய அளவு தீர்க்கும் என்பது அவர் கொள்கை. 1810 இல் ‘ஆர்கனான்’ நூலில் அதை விரித்துரைத்தார். அன்று அவரிடம் சென்ற நோயாளிகள் மற்ற மருத்துவர்களிடம் சென்றவர்களைவிடப் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம் என்றே நான் நினைக்கிறேன். இரத்தம் வடிக்காமல், நஞ்சு ஊட்டாமல், நோயாளி சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார் அல்லவா!

நம் நாட்டில் இம்முறைக்குச் சட்டப்பூர்வமான இடம் உண்டு. 1973 இல் இதற்கெனத் தனி மத்தியச் சட்டம் வந்தது. 2020 இல் அதற்குப் பதிலாகத் தேசிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. மதுரை மாவட்டம் திருமங்கலத்தில் அரசு ஹோமியோபதி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே உள்ளிருப்புப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள் படித்துப் பட்டம் பெற்றுப் பதிவு செய்துகொண்டவர்கள், நின்ற மாதவிடாய் திரும்பி வந்தால் உடனே மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பவேண்டும் என்பதை நன்கறிவார்கள். அவ்வாறு அனுப்பிவைக்கப்பட்டுப் பலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். பதிவு இல்லாமல் மருந்து தருவோரிடமும், யாரையும் கேளாமல் தாமே வாங்கி உண்பதிலும்தான் ஆபத்து மிகுதி.

மாதவிடாய் நிற்கும் பருவத்துக்கென அடிக்கடி எழுதப்படும் மருந்துகள் சில உண்டு. லாக்கெசிஸ் என்பது தென்னமெரிக்கக் காடுகளில் வாழும் ஒரு பாம்பின் நஞ்சிலிருந்து செய்யப்படுவது. கான்ஸ்டன்டைன் ஹெரிங் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1828 இல் சுரிநாமில் தங்கியிருந்தபோது அதனைத் தம்மிடமே சோதித்துப் பார்த்தார். செபியா, கணவாய் மீனின் மையிலிருந்து வருவது. பல்சட்டில்லா, சாங்குனேரியா, சிமிசிஃபுகா ஆகியவை செடிகள். எந்த மருந்து என்பதை அனலை மட்டும் பார்த்து முடிவுசெய்வதில்லை. கழுத்தில் இறுக்கமான ஆடை பிடிக்கிறதா, எந்தப் பக்கம் படுத்து உறங்குகிறார், கணவர்மேல் எரிச்சல் வருகிறதா, உப்பு பிடிக்குமா புளிப்பு பிடிக்குமா என்றெல்லாம் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். 30 ஆண்டுகள் குடும்பம் நடத்திய ஒரு பெண்ணிடம் இவற்றை வேறு எவர் கேட்டிருப்பார்?

‘30 வீரியம்’, ‘200 வீரியம்’ என்று குப்பியில் எழுதியிருப்பதைப் பலர் ஆற்றலின் அளவு என்று எண்ணுகிறார்கள். மருந்தை நூறு பங்கில் ஒரு பங்காக எத்தனை முறை நீர்த்தார்கள் என்பதையே அந்த எண் குறிக்கிறது. ஒரு துளிச் சாற்றை 99 துளி நீர் அல்லது சாராயத்தில் கலந்து குலுக்கினால் முதற்படி. அதில் ஒரு துளி எடுத்து மீண்டும் 99 துளியில் கலந்தால் இரண்டாம் படி. நம் மாவட்டத்து வீராணம் ஏரி நிரம்பியிருக்கும்போது அதில் ஒரு துளி மருந்தை விட்டுக் கலக்கினால் எவ்வளவு நீர்ப்பு உண்டாகுமோ, அது ஏழாம் படிக்கும் எட்டாம் படிக்கும் இடைப்பட்டது. பன்னிரண்டாம் படியைத் தாண்டினால் மூலப்பொருளின் ஒரே ஒரு மூலக்கூறுகூட மிஞ்சியிருக்க வாய்ப்பு மிக அரிது. முப்பது என்பது அதற்கப்பாலும் 18 முறை நூறுநூறாக நீர்த்தது. நீர்த்துக் குலுக்கும்போது பொருள் மறைந்தாலும் அதன் மருத்துவ ஆற்றல் தங்குகிறது என்பது ஹோமியோபதியர் நம்பிக்கை. வேதியியலும் இயற்பியலும் இதற்கு இடம் கொடுக்கவில்லை.

சரி, அறிவியல் விளக்கம் கிடக்கட்டும்; அனுபவத்தில் பலன் இருக்கிறதா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அம்மையாருக்கும் அனல் குறைந்ததுதானே? குறைந்தது. அவர் பொய் சொல்லவில்லை.

இங்கேதான் முன்னர் சொன்ன ஏற்றஇறக்கத்தை நினைவுகூர வேண்டும். துன்பம் உச்சத்தில் இருக்கும்போதுதான் எவரும் மருத்துவரைத் தேடிச் செல்கிறோம். உச்சத்துக்குப் பின் வருவது இறக்கம். அப்போது எதை உண்டிருந்தாலும் அதற்குப் பெயர் கிடைக்கும். இதனோடு நம்பிக்கை தரும் ஆறுதலும் சேர்கிறது. இயக்குநீர் மாத்திரைகளைப் பற்றி நடந்த 24 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2004 இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பில், மருந்தில்லாத போலி மாத்திரை உண்ட பெண்களுக்கே அனல் பரவும் தடவைகள் 57.7 விழுக்காடு குறைந்திருந்தன. பாதிக்கும் மேல்! உண்மையான ஈஸ்ட்ரோஜன் உண்டவர்களுக்கு, அந்தப் போலி மாத்திரைக் குழுவைவிடவும் மேலும் 75 விழுக்காடு குறைந்தது. ஆகவே ஒரு மருந்து உண்டு பாதி குணமானது என்பதைக் கொண்டு அம்மருந்துக்கு ஆற்றல் உண்டு என்று முடிவு கட்ட இயலாது. போலி மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

ஹோமியோபதிக்கு அத்தகைய ஒப்பீடுகள் நடந்திருக்கின்றன, எண்ணிக்கையில் குறைவாக. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்கள் ஈஸ்ட்ரோஜன் உண்ணக்கூடாது என்பதால், அவர்களிடையே இரண்டு ஆய்வுகள் செய்யப்பட்டு 2005 இல் வெளியாயின. அமெரிக்காவில் 83 பெண்களை ஓராண்டு கவனித்த ஆய்வில், ஹோமியோபதி உண்டவர்களுக்கும் போலி மாத்திரை உண்டவர்களுக்கும் அனல் பரவுதலில் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. பொதுவான உடல்நல மதிப்பீட்டில் மட்டும் ஹோமியோபதிக் குழுவினர் சற்று மேலாக இருந்தனர். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 53 பெண்களிடம் செய்த ஆய்வில் இரு குழுவினருமே நலம் பெற்றனர். இரு குழுவினருடனும் ஹோமியோபதி மருத்துவர் நீண்ட நேரம் பேசியிருந்தார் என்பதை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். நம் நாட்டின் மத்திய ஹோமியோபதி ஆராய்ச்சிக் குழுமமும் பல மையங்களில் மாதவிடாய் நிற்கும் பருவப் பெண்களைக் கவனித்து, துன்பம் குறைந்ததாக 2011 இல் அறிவித்தது. ஆனால் அதில் ஒப்பிடுவதற்குப் போலி மாத்திரைக் குழு இல்லை. மேலே சொன்ன 57.7 விழுக்காட்டை வைத்துப் பார்த்தால் அந்த முடிவுக்கு எவ்வளவு எடை தருவது என்பது விளங்கும். ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் எல்லா நோய்களுக்குமான ஆய்வுகளையும் அலசி, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலனளிக்கிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று 2015 இல் அறிவித்தது.

இவ்வளவும் படித்த பின்னும், இலேசான அனலுக்காக இந்த உருண்டைகளை உண்ணும் பெண்ணிடம் நான் சண்டையிடுவதில்லை. உயர்வீரிய உருண்டைகளால் உடலுக்குத் தீங்கு நேர்வது அரிது. அவை நிம்மதி தருமாயின் உண்ணட்டும். ‘தாய்த் திராவகம்’ என்று சொட்டுச் சொட்டாக அருந்தத் தருவது வேறு. அதில் மூலிகைச் சாறும் சாராயமும் உண்மையாகவே இருக்கின்றன. மாதவிடாய்க் கோளாறுகளுக்கென்று பலர் தாமாகவே வாங்கிக் குடிக்கும் அசோகா சொட்டும் இவ்வகையே. கல்லீரல் நோய் உள்ளவர்களும் வேறு மாத்திரைகள் உண்போரும் கேட்காமல் குடிக்கக்கூடாது. சிமிசிஃபுகாச் செடியின் சாற்றை நீர்க்காமல் மாத்திரையாக அடைத்து விற்பதும் உண்டு. அதனை உண்டு கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றிய மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று மயங்கவேண்டாம்.

என் கவலையெல்லாம் வேறிடத்தில் இருக்கிறது. உருண்டையை உண்ணும் காலத்தில் உடல் சொல்லும் வேறு செய்திகள் கேட்கப்படாமல் போகின்றன.

அவற்றில் முதலாவது இரத்தக்கசிவு. 12 மாதங்கள் நின்றபின் எப்போது கறை பட்டாலும், ஒரு துளியாயினும், ஒருமுறையே ஆயினும், இளஞ்சிவப்பு நீராகவே வந்தாலும், அது மாதவிடாய் அன்று. அச்சம் வேண்டியதில்லை, பெரும்பாலோருக்கு உறுப்பின் சவ்வு மெலிந்ததோ சிறு தசைவளர்ச்சியோதான் காரணமாக இருக்கும். ஆயினும் இவ்வாறு கசிவோடு வருவோரில் 10 பேருக்கு ஏறத்தாழ ஒருவரிடம் கருப்பைப் புற்றுநோய் காணப்படுகிறது. இன்னொரு புறம், கருப்பையின் உட்சவ்வில் புற்றுநோய் வந்த பெண்களில் 10 பேருக்கு 9 பேர் இந்தக் கசிவைத்தான் முதல் அறிகுறியாகக் கண்டிருக்கிறார்கள். புற்றுநோய்களில் இவ்வளவு முன்கூட்டியே, இவ்வளவு வெளிப்படையாக அறிவிப்புத் தருபவை மிகச் சிலவே. அந்நிலையில் வந்தால் பெரும்பாலும் ஓர் அறுவையோடு குணமாகிறது. கருப்பைவாய்ப் புற்றுநோயும் இதே வாயிலில்தான் வருகிறது. சோதனைகளும் கடினமல்ல. கண்ணால் பார்க்கும் பரிசோதனை, கருப்பைவாய்ச் சோதனை, உள்வழி ஸ்கேன். ஸ்கேனில் உட்சவ்வின் தடிமன் 4 மில்லிமீட்டருக்கு மேலிருந்தாலோ, கசிவு மறுபடி வந்தாலோ, மெல்லிய குழாயால் சிறிது சவ்வெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவோம்.

இரண்டாவது வியர்வை. 50 வயதுப் பெண் இரவில் வியர்க்கிறது என்றாலே மாதவிடாய்ப் பருவம் என்று முத்திரை குத்துவது எங்களிடமும் உள்ள பழக்கம். காசநோயிலும் இரவில் வியர்க்கும். கூடவே மாலைக் காய்ச்சலும் எடைக்குறைவும் இருமலும் இருக்கலாம். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் வியர்வையும் படபடப்பும் வரும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்தால் உடல் நனைந்துபோகும். நெஞ்சு இறுக்கத்தோடு வியர்த்தால் அது இதயம். இவற்றில் எதற்கும் செபியா மருந்தாகாது, ஈஸ்ட்ரோஜனும் மருந்தாகாது.

எலும்புத் தேய்வு மூன்றாவது. அது வலியில்லாமல் நடப்பதால் அதற்கென எவரும் மருந்து தேடி வருவதில்லை. குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்த பின்பே வருகிறார்கள். 50 கடந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உண்டு. பால், தயிர், எள், முள்ளோடு உண்ணும் சிறுமீன், முருங்கைக்கீரை, நாள்தோறும் அரைமணி நேர நடை, கொஞ்சம் வெயில். இதற்குமேல் இதைப்பற்றி எழுதினால் நீங்கள் அறிந்ததையே எழுதுவதாகும்.

இனி எங்கள் பக்கத்துச் சிகிச்சைகள். அனலுக்கு மிகச் சிறந்த மருந்து ஈஸ்ட்ரோஜன்தான். அதைப் பற்றிய அச்சம் 2002 ஜூலையில் பரவியது. அமெரிக்காவில் நடந்த ஒரு பேராய்வை அப்போது இடையிலேயே நிறுத்தினார்கள். ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டினையும் சேர்த்து உண்டவர்களில் 10,000 பேருக்கு ஆண்டொன்றுக்கு 8 பேர் கூடுதலாக மார்பகப் புற்றுநோய்க்கும், 8 பேர் கூடுதலாகப் பக்கவாதத்துக்கும் ஆளானார்கள் என்பது செய்தி. இடுப்பெலும்பு முறிவு 10,000 பேருக்கு 5 குறைந்தது என்பதை எவரும் பேசவில்லை. அந்த ஆய்வில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63 என்பதையும் பலர் கவனிக்கவில்லை. 60 வயதுக்கு உட்பட்டு, மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள் இருக்கும் நலமுள்ள பெண்ணுக்கு, துன்பம் கடுமையாயின், நன்மை தீமையைவிடப் பெரிது என்பதே இன்றைய மருத்துவ முடிவு. கருப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக உண்ணக்கூடாது, புரோஜெஸ்டிரோனும் சேரவேண்டும். மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டு, பக்கவாதம், மாரடைப்பு, கல்லீரல் நோய் வந்தவர்களுக்கும், காரணம் தெரியாத கசிவு உள்ளவர்களுக்கும் இதைத் தரமாட்டோம்.

அவர்களுக்கும் வழி இருக்கிறது. மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகள் குறைந்த அளவில் அனலைத் தணிக்கின்றன. வலிப்புக்கும் நரம்புவலிக்கும் தரும் காபாபென்டினும் தணிக்கிறது. மூளையின் அந்த நரம்பணுக்களையே குறிவைக்கும் ஃபெசோலினெட்டன்ட் என்னும் புதிய மருந்துக்கு 2023 இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது; அதற்குக் கல்லீரல் சோதனை கட்டாயம். உறவின்போது வலி, சிறுநீர் எரிச்சல் ஆகியவற்றுக்கு உறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு உண்டு. சிலர் இந்த வலியோடு 10 ஆண்டுகளைக் கழித்திருக்கிறார்கள், சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு. மனநல ஆலோசகர் வழிநடத்தும் பேச்சுச் சிகிச்சை அனலின் எண்ணிக்கையை அதிகம் குறைக்காவிடினும் அதனால் படும் அல்லலைக் குறைக்கிறது. பேசுவதற்கு மருத்துவ மதிப்பு உண்டு என்பதை மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் ஒருவகையில் காட்டிவிட்டன. அதை எங்கள் துறை மருந்தாக எண்ணாமல் மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டது என்பது என் சொந்தக் கருத்து.

நம் ஊரின் பழம்பெயர் திருமுதுகுன்றம். கோயிலில் முதியவளான விருத்தாம்பிகையும் இருக்கிறாள்; இளையவளான பாலாம்பிகையும் இருக்கிறாள். குரு நமசிவாயர் பசியோடு வந்து அம்மையைக் கிழத்தி என்று பாட, அவள் கோபித்து, இளமையாகப் பாடு என்று கேட்டுக் குமரியாகி வந்து சோறிட்ட கதையை நம் பாட்டிமார் சொல்வார்கள். இப்பருவத்துப் பெண்கள் மருத்துவமனைக்கு வரத் தயங்குவதற்கு நோயச்சம் மட்டும் காரணமன்று. ‘கிழவி ஆகிவிட்டாய்’ என்ற சொல்லை மருத்துவர் வாயால் கேட்க அவர்கள் விரும்பவில்லை. நானும் இவ்வாண்டு 47 ஐத் தொட்டிருக்கிறேன். எனக்கு அது இப்போது நன்றாகவே புரிகிறது.

ஆகவே எங்கள் பிரிவில் ஒரு சிறு மாற்றம் செய்திருக்கிறோம். 45 வயது கடந்து வரும் ஒவ்வொருவரிடமும், அவர் எதற்காக வந்திருந்தாலும், செவிலியர் 4 கேள்விகள் கேட்பார். கடைசி மாதவிடாய் எப்போது வந்தது? அதன்பின் ஒருமுறையேனும் கறை பட்டதா? உறக்கம் எப்படி இருக்கிறது? வேறு எவரிடமேனும் மருந்து எடுக்கிறீர்களா? நான்காவது கேள்விக்குப் பலர் ‘இல்லை’ என்று சொல்லிவிடுகிறார்கள், திட்டுவோம் என்று எண்ணி. திட்டமாட்டோம். சித்த மருந்தாயினும், நாட்டு மருந்தாயினும், ஹோமியோபதி ஆயினும் குப்பியையும் சீட்டையும் கையோடு கொண்டு வாருங்கள். உடன் வரும் மகளிரும் மருமகளிரும் இதை நினைவூட்டலாம். கணவன்மார் ஒரு சிறு குறிப்பேட்டில் நாளையும் அறிகுறியையும் குறித்துக்கொண்டு வந்தால் எங்கள் வேலை பாதி முடிந்தது. கறை பட்டிருந்தால் மட்டும் புறநோயாளிகள் வரிசையில் காத்திருக்க வேண்டாம். செவிலியரிடம் ‘நின்றபின் கறை’ என்ற சொல்லைச் சொன்னால் அன்றே பார்ப்போம்.

அந்த அம்மையாருக்குப் புதுச்சேரியில் அறுவை நடந்தது. நோய் கருப்பைச் சுவரின் பாதிக்கும் மேல் ஊடுருவியிருந்ததால் கதிர்வீச்சும் தேவைப்பட்டது. 10 மாதங்களுக்கு முன் வந்திருந்தால் அது தேவைப்பட்டிராமல் இருந்திருக்கலாம். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். வேலைக்கும் திரும்பிவிட்டார், அரைநாள் மட்டும். சூலகங்களும் நீக்கப்பட்டபின் அனல் சற்று மீண்டது; அதற்கு மாத்திரை கொடுத்திருக்கிறோம். சென்ற முறை வந்தபோது, அந்த இனிப்பு உருண்டைகளை மீண்டும் உண்ணலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். உண்ணலாம் என்றேன், அடுத்த முறை வரும்போது குப்பியையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.